மயக்கம் என்றால் எந்த மயக்கம்?

2024 ஜூன் 9, ஞாயிறு

கேட்கப்பட்ட கேள்வி: "அப்பாவுக்கு அடிக்கடி மயக்கம் வருகிறது. ஒரு டாக்டர் தலைச்சுற்றலுக்கு மாத்திரை எழுதினார். இன்னொருவர் ஈசிஜி எடுக்கச் சொன்னார். மூன்றாமவர் காது டாக்டரைப் பார்க்கச் சொன்னார். அப்பா மூன்று பேரிடமும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார். மயக்கம் என்றால் மருத்துவத்தில் என்னதான் அர்த்தம்?"

22 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ் நான். அதில் 9 வருஷம் ஆபரேஷன் தியேட்டர், மிச்சமெல்லாம் அவசரப் பிரிவும் ஓ.பி.யும். மருத்துவத்தில் மயக்கம் என்று ஒரு நோயும் கிடையாது. அது ஒரு மூட்டை. அவிழ்த்தால் உள்ளே நாலைந்து சாமான்கள் கிடக்கும்.

வீடே தன்னைச் சுற்றிச் சுழல்வது ஒன்று. எழுந்து நிற்கும்போது கண் இருட்டி, இதோ விழப்போகிறோம் என்று வருவது இன்னொன்று. தலையில் ஒன்றும் இல்லாமல் கால் மட்டும் தள்ளாடுவது மூன்றாவது. நினைவே தப்பி விழுவது நான்காவது. சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டுவது ஐந்தாவது. முதலாவதற்குப் பெரும்பாலும் காதைப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு ரத்த அழுத்தம். மூன்றாவதற்கு நரம்பு, கண், முழங்கால். நான்காவது என்றால் முதலில் இதயம். ஐந்தாவதற்கு விரல் நுனியில் ஒரு குத்து போதும். ரத்தத்தில் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இருந்து, ஆள் விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை.

உங்கள் அப்பா ஒரு வார்த்தை சொன்னார். மூன்று டாக்டர்கள் மூட்டைக்குள் கைவிட்டு ஆளுக்கு ஒன்றை எடுத்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், கேஸ் ஷீட்டில் மயக்கம் என்ற சொல்லே வரக் கூடாது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடமும் இதைத்தான் சொல்கிறேன்: அந்தச் சொல்லை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.

ஜூன் 9, இரவு 11 மணி

படுக்கப் போனவள் எழுந்து வந்து இதைச் சேர்க்கிறேன். மயக்கத்தோடு வாய் கோணினால், பேச்சு குழறினால், ஒரு பக்கம் கை கால் தளர்ந்தால், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால், நெஞ்சு வலித்தால், அல்லது மாடிப்படி ஏறும்போதே நினைவு தப்பினால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஜூன் 12

ஒரு சொல்மேல் ஏன் இவ்வளவு கோபம் என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன்.

எங்களுக்குத் தென்காசிப் பக்கம். அம்மா 15 வயதிலிருந்து பீடி சுற்றுகிறவள். காலை பத்து மணிக்குச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் சோற்றுக்குத்தான் எழுவாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், அவளுக்கு 62 வயது இருக்கும்போது, "மயக்கமா வருது" என்று சொல்ல ஆரம்பித்தாள். நான்தான் கூட்டிப்போனேன். ஓ.பி. சீட்டில் என் கையாலேயே 'கிட்டினஸ்' என்று எழுதினேன். தலைச்சுற்றலுக்கு ஆஸ்பத்திரியில் எங்கள் எல்லோருக்கும் கைவந்த ஆங்கிலச் சொல் அது. மயக்கம் என்று யார் சொன்னாலும் பேனா தானாக அதைத்தான் எழுதும். டாக்டர் என் எழுத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்க்கவில்லை. காதுச் சுழற்சிக்கான மாத்திரை எழுதினார். எட்டு மாசம் சாப்பிட்டாள். நடுவில் இன்னொரு இடத்தில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏறிய இரண்டு நாள் தெம்பாக இருந்தது, பிறகு பழையபடி.

ஒரு நாள் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தவள் அப்படியே சரிந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. நான் போனபோது திண்ணை முழுக்க வெட்டின இலையும் தூளும் சிதறிக் கிடந்தன. கையைப் பிடித்துக்கொண்டு, "தூளக் கூட்டி அள்ளுட்டி, கம்பெனிக்குக் கணக்குச் சொல்லணும்" என்றாள்.

மாவுக்கட்டுப் போட்ட இடத்தில் ட்யூட்டியில் ஒரு சின்ன வயசு டாக்டர். அவர் கேட்ட கேள்வியை என் இத்தனை வருஷ வேலையில் அதுவரை நான் கேட்டதில்லை. "பாட்டி, மயக்கம்னா எப்படி வருது? கையால செஞ்சு காட்டுங்க."

அம்மா இடது கையை விரித்து நெற்றியில் வைத்து, கடை ஷட்டரை இறக்குகிற மாதிரி முகவாய் வரைக்கும் மெதுவாக இறக்கினாள். "சுத்தல்லாம் இல்லய்யா. எந்திச்சா இப்படி இருட்டிக்கிட்டு வரும். சுவரப் பிடிச்சிட்டா போயிரும்."

ஐந்து நிமிஷம் படுக்கவைத்து அழுத்தம் பார்த்தார்கள்: 148/86. நிற்கவைத்து ஒரு நிமிஷத்தில் பார்த்தார்கள்: 112/70. நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேலே உள்ள எண் 20 குறைந்தாலோ கீழே உள்ளது 10 குறைந்தாலோ அதுவே ஒரு கோளாறு. அம்மாவுக்கு 36. பிரஷர் மாத்திரையோடு, சிறுநீரை அதிகம் போகவைக்கிற நீர் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பீடி சுற்றும்போது எழுந்து போக வேண்டியிருக்கும் என்று தண்ணீர் குடிப்பதும் இல்லை. மாத்திரையைக் குறைத்தார்கள், தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் இருட்டு போய்விட்டது.

பஸ்ஸில் வரும்போது, "எம்மா, இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"மயக்கம்னுதானட்டி சொன்னேன். மயக்கம்னா இதான?"

இந்தப் பதிலுக்கு இன்னும் நான் சமாதானம் ஆகவில்லை.

ஜூன் 16

அந்த டாக்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது கையசைவுதான். அன்றிலிருந்து யார் மயக்கம் என்றாலும் செய்து காட்டச் சொல்கிறேன். சுழல்கிறவர்கள் ஆள்காட்டி விரலைத் தலைக்குப் பக்கத்தில் வட்டமாகச் சுற்றுவார்கள். கண் இருட்டுகிறவர்கள் உள்ளங்கையை முகத்துக்கு நேரே இறக்குவார்கள். கால் தள்ளாடுகிறவர்கள் உள்ளங்கையைப் படகு மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டுவார்கள். நினைவு தப்பினவர்கள் செய்து காட்டுவதே இல்லை. பக்கத்தில் நிற்கிற மகளையோ மனைவியையோ பார்ப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தெரியாது, பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன், சொல்லிப் பார்க்கிறேன். பெயர்ச்சொல் ஒன்றாக இருந்தாலும் பக்கத்தில் வருகிற வினை வேறு. 'மயக்கமா இருக்கு' என்பவர் உட்கார்ந்துகொண்டே சொல்வார். அசதி, ரத்தசோகை, தூக்கமின்மை, மனக்கவலை எல்லாம் அதில் அடங்கும். 'மயக்கமா வருது' என்றால் வந்து வந்து போகிறது, நிற்கும்போது கண் இருட்டும் வகை. 'மயக்கம் போட்டுட்டேன்' என்றால் ஆள் கீழே விழுந்தாயிற்று. 'கிறுகிறுங்குது' என்றால் சுழற்சி. ஒரு சொல்லைத் திட்டிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்த வினையைக் கேட்காமல்.

ஜூன் 17

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். மதுரைக்கார அன்பர் ஒருவர், தங்கள் வீட்டில் 'மயக்கமா வருது' என்றால் குமட்டலும் சேர்ந்தது என்கிறார். மசக்கைப் பெண்களும் இரண்டையும் ஒரே வாயில்தான் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், தலைச்சுத்து என்று தனியாகவே சொல்வோம், மயக்கம் என்றால் விழுந்ததுதான் என்கிறார். ஆக, வினையைக் கேட்டு முடிவுகட்டுவதும் வீட்டுக்கு வீடு மாறும். கையசைவு மாறவில்லை. இதுவரை.

ஜூன் 23

தியேட்டர் நாட்களிலிருந்து ஒன்று.

சிசேரியனுக்கு வந்த பெண், தலைப்பிரசவம், 22 வயது இருக்கும். முதுகில் ஊசி போட்டாயிற்று. மருந்து ஏறிவிட்டதா என்று பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தொட்டுப் பார்த்தார்கள், குளிர்ச்சியே தெரியவில்லை என்றாள். எல்லாம் சரி. பச்சைத் துணியை விரித்து டாக்டர் கத்தியைக் கையில் வாங்கின நேரம் அந்தப் பெண் கத்த ஆரம்பித்தாள்: "எனக்கு இன்னும் மயக்கம் வரல! முழிச்சிருக்கேன்! வெட்டிராதீங்க!"

நாடித்துடிப்பு 140-க்குப் போய்விட்டது. அவள் தலைமாட்டில் நின்றவள் நான்தான். வார்டில் கையெழுத்து வாங்கும்போது "மயக்க ஊசி போடுவாங்க" என்றுதான் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். மயக்க ஊசி என்றால் மயங்க வேண்டும். அவள் மயங்கவில்லை. அவள் தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை.

குனிந்து அவள் காதோரம் சொன்னேன்: "இது மயக்க ஊசி இல்லம்மா, மரத்துப்போற ஊசி. ரொம்ப நேரம் சம்மணம் போட்டா கால் மரத்துப்போகும்ல, அதேதான். நீ முழிச்சுத்தான் இருப்ப. பிள்ள அழுறது உனக்குத்தான் முதல்ல கேக்கணும்." கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு நிமிஷத்தில் பிள்ளை அழுதது.

அதற்குப் பிறகு முதுகு ஊசிக்கு நான் 'மயக்கம்' என்று சொன்னதே இல்லை. மரத்தல் எவ்வளவு நேரான சொல்! மரம் மாதிரி ஆகிவிடுவது. இருக்கும், உணராது.

ஜூன் 24

நேற்றைய குறிப்பை நினைத்துக்கொண்டே இருந்தேன். பிழை எங்கே தொடங்கியது?

1846 அக்டோபர் 16, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து ஒருவரைத் தூங்கவைக்க, கழுத்துக் கட்டியை அறுத்தெடுத்தார்கள். அடுத்த மாதமே ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற மருத்துவர் அதற்கு 'அனஸ்தீசியா' என்ற பெயரை எடுத்துக்கொடுத்தார். கிரேக்கத்தில் உணர்வின்மை என்று பொருள். நினைவைப் பற்றி அந்தச் சொல்லில் பேச்சே இல்லை. 1898-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் முதுகில் ஊசி போட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே அறுவை செய்தபோது அந்தப் பெயர் அதற்கும் அப்படியே பொருந்தியது.

நம் ஆட்கள் கண்ணால் பார்த்தது என்ன? மூக்கில் துணியை வைக்கிறார்கள், ஆள் மயங்கிவிடுகிறான். பார்த்ததைப் பெயராக வைத்தார்கள்: மயக்க மருந்து. ஈதருக்கும் குளோரோஃபார்முக்கும் அது சரிதான். முதுகு ஊசி வந்த பிறகும் பெயர் மட்டும் பழையதாகவே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் 140 நாடித்துடிப்புக்கு அதுதான் காரணம்.

எடின்பரோவில் சிம்ப்சன் என்ற மருத்துவர் குளோரோஃபார்மால் ஆளை மயக்கலாம் என்று கண்ட 1847-ஆம் வருஷம்தான் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவர் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலேயும் மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர். நோயாளி பேசுகிற மொழியில் மருத்துவன் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே தோன்றியிருக்கிறது ஒருவருக்கு. நான் 'கிட்டினஸ்' எழுதினதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

ஜூலை 7

தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் என்னைக் கண்டித்திருக்கிறார். "மயக்கத்தை மூட்டை என்கிறீர்கள். அது எவ்வளவு துல்லியமான சொல் தெரியுமா?" என்று. அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்து, ப்ளஸ் டூ காலத்துத் தமிழ் நோட்டு வரைக்கும் போய்விட்டேன்.

பள்ளிக்கூடத்தில் 'மெய்ம்மயக்கம்' நடத்தின நாள் நன்றாக நினைவிருக்கிறது. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "மெய்னா உடம்பு, உடம்பு மயங்கினா தண்ணி தெளிக்கணும் ஐயா" என்றாள். வகுப்பே சிரித்தது, ஐயாவும் சிரித்தார். பிறகு பலகையில் 'பக்கம்', 'நண்பன்' என்று எழுதினார். க்-குப் பக்கத்தில் க வந்தால் உடனிலை. ண்-க்குப் பக்கத்தில் ப வந்தால் வேற்றுநிலை. ர-வும் ழ-வும் தன்னோடு தான் சேராது, பிறவற்றோடு மட்டும் சேரும். க, ச, த, ப நான்கும் தன்னோடு மட்டும்தான் சேரும். "மெய்னா இங்க மெய்யெழுத்து, மயக்கம்னா கலப்பு, சேர்க்கை. அவ்வளவுதான்" என்றார். அன்றைக்கு அது பரீட்சைக்கான ஒரு வரி.

இப்போது தொல்காப்பியத்தைத் திரும்பப் பார்த்தால் மரபியலில் இந்த வரி நிற்கிறது:

நிலம்தீ நீர்வளி விசும்பொடு ஐந்தும்
கலந்த மயக்கம் உலகம்

ஐந்து பூதங்களும் கலந்த கலவைதான் உலகம். நோயும் இல்லை, விழுவதும் இல்லை. ஒன்றோடு ஒன்று சேர்ந்து, எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாமல் இருப்பதே மயக்கம். அகத்திணையில் வருகிற திணை மயக்கமும் இதுவே, ஒரு நிலத்துக்கு உரியது இன்னொரு நிலத்தில் வந்து கலப்பது. இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு வந்தால் மற்றதெல்லாம் வரிசையாக வருகிறது. பொழுது மயங்குகிறது என்றால் வெளிச்சமும் இருட்டும் கலக்கிறது. அறிவு மயங்குகிறது என்றால் இதுவும் அதுவும் கலந்து தெரிகிறது. கண் மயங்குகிறது, நினைவு மயங்குகிறது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என்ன ஆயிற்று? திண்ணை, வாசல், எதிர்வீட்டு முருங்கை எல்லாம் ஒன்றாகக் கலந்து இருண்டது. அவள் சொன்ன சொல் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

ஜூலை 7, மாலை

குறளை விட்டுவிட்டேன். 360:

காமம் வெகுளி மயக்கம் இவைமூன்றன்
நாமம் கெடக்கெடும் நோய்

மயக்கமும் நோயும் ஒரே குறளில். ஆனால் இங்கே மயக்கம் நோய் இல்லை, நோய்க்குக் காரணம். நோயும் உடம்பு நோய் இல்லை, பிறவித் துன்பம். அதிகாரம் மெய்யுணர்தல். அதன் முதல் குறளிலேயே 'பொருளல்ல வற்றைப் பொருளென்று உணரும் மருள்' என்று சொல்லிவிடுகிறார். ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வது. அம்மாவுக்கு வந்தது உடம்பு மயக்கம். அதைக் காதுச் சுழற்சி என்று எழுதினது என் மயக்கம். திருவள்ளுவர் பொருளில் பார்த்தால் எங்கள் இரண்டு பேரில் எனக்குத்தான் முற்றியிருந்தது.

ஜூலை 8

புறநானூறு 188-இல் வருகிற மயக்கம் எது என்று கேட்டவருக்கு. பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. குறுகுறுவென்று நடந்து, சிறுகை நீட்டி, சோற்றை இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும், நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் சிதறிக்கொள்கிற 'மயக்குறு மக்கள்' இல்லாதவர்களுக்கு வாழ்நாளில் பயன் இல்லை என்கிற பாட்டு. சின்ன வயசில் இதைச் சாப்பிட்டுக்கொண்டே தூங்கி விழுகிற பிள்ளைகள் என்று நினைத்திருந்தேன். தவறு. மயங்குகிறது பிள்ளை இல்லை, பார்க்கிற பெரியவர்கள். மயங்கு என்பது தன்வினை, மயக்கு என்பது பிறவினை. ங் இருந்த இடத்தில் ஒரே ஒரு க் வந்து ஆளை மாற்றிவிடுகிறது.

அந்த க்-ஐ ஊரில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். பையன் ஒருத்திமேல் ஆசைப்பட்டால் "மயங்கிட்டான்" என்று சொல்வது அபூர்வம். "மயக்கிட்டா" என்றுதான் சொல்வார்கள். வினையை அவள் தலையில் கட்டிவிடுவார்கள். பாண்டியன் அதே சொல்லைக் கொண்டு ஒரு குழந்தையைத் தூக்கி வைத்தான். நாம் ஒரு பெண்ணைக் கீழே தள்ளுகிறோம். குழந்தை இல்லாதவர்கள் இந்தப் பாட்டின் கடைசி வரியைப் படித்தால் என்ன பாடுபடுவார்கள் என்பதும் எனக்கு உறுத்துகிறது. எங்கள் வார்டில் அப்படிப்பட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டு அழகு, அந்த முடிவை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஜூலை 21

ல, ள, ழ, ந, ண, ன, ர, ற. ஒன்றை இன்னொன்றாகக் கேட்டுவிடுகிற இந்த எட்டையும் மயங்கொலி என்பார்கள். ஆஸ்பத்திரியில் இதற்கு ஓர் உதாரணம். சித்த மருத்துவரிடம் போய்வந்த தாத்தா ஒருவரின் சீட்டில் 'வளி மிகுதி' என்று இருந்தது. புதிதாக வந்த நர்ஸ் பிள்ளை ஒருத்தி அதை 'வலி மிகுதி' என்று படித்து, எங்கே வலி என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வளி என்றால் காற்று, வாதம். 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று மருந்து அதிகாரத்தில் வருகிறதே, அந்த வளி. தாத்தாவுக்கு வலியே இல்லை.

ஆகஸ்ட் 4

'உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு' என்பதை யாரோ நினைவுபடுத்தினார்கள். உண்ட களைப்பு என்றும் சொல்வதுண்டு. எங்கள் ஊரில் மயக்கம்தான்.

இதை நான் தூக்கக் கலக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன், பெரும்பாலும் அதுதான். ஆனால் வயதானவர்களுக்கு அது மட்டும் இல்லை. சாப்பிட்டதும் ரத்தம் குடலுக்குத் திரும்புகிறது. இளவயதில் இதயமும் ரத்தக் குழாய்களும் அதைச் சரிக்கட்டிவிடும். வயதானவர்களுக்கு, அதிலும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தம் நன்றாக இறங்கலாம். வயிறு முட்டச் சோறு, உடனே எழுந்து வெயிலில் நடை, அப்புறம் விழுவது. தீபாவளி, பொங்கல், கல்யாண வீடு என்று விசேஷ நாட்களில் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு அவசரப் பிரிவில் வரும் பெரியவர்களிடம் "என்ன சாப்பிட்டீங்க, எப்ப சாப்பிட்டீங்க" என்று கேளுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிட்டாலே பாதி சரியாகிவிடும்.

அம்மா எழுந்து விழுந்தது காலையில் இல்லை, சோறு உண்டு முடித்து மறுபடி சுளகோடு உட்கார்ந்து எழுந்தபோது. இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

ஆகஸ்ட் 5

புகையிலைத் தூளால் மயக்கம் வராதா என்று கேட்டவருக்கு: வரும். புதிதாகச் சுற்ற வருகிற பிள்ளைகள் முதல் வாரம் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று சொல்வது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பிறகு பழகிவிட்டது என்பார்கள். பழகினது உடம்புக்கு நல்லது என்று அர்த்தம் இல்லை. அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், விடமாட்டேன் என்கிறாள்.

செப்டம்பர் 1

மயக்கம் என்ற சொல்லே கேஸ் ஷீட்டில் வரக் கூடாது என்று ஜூன் 9 அன்று எழுதினதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

போன வாரம் பெரியவர் ஒருவர், மளிகைக் கடை வைத்திருப்பவர், மகனோடு வந்தார். "ஒரு மாதிரி மயங்குது தாயி" என்றார். பக்கத்தில் இருந்த பிள்ளை நான் சொல்லிக்கொடுத்தபடியே, "மயக்கம்னு சொல்லாதீங்க ஐயா, தலை சுத்துதா, கண்ணு இருட்டுதா, அதச் சொல்லுங்க" என்றாள். பெரியவர் மகனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். அவரிடம் இருந்த ஒரே சொல்லையும் நாங்கள் பிடுங்கிக்கொண்டோம். அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

பிள்ளையை நகரச் சொல்லிவிட்டு, "நீங்க மயக்கம்னே சொல்லுங்கய்யா. எப்படி மயங்குது, கையால காட்டுங்க" என்றேன். விரல் வட்டமாகச் சுற்றியது. எப்போது? இடது பக்கம் புரண்டு படுக்கும்போது. எவ்வளவு நேரம்? "இருவது எண்ணுறதுக்குள்ள நின்னுரும்." காது டாக்டர் படுக்கவைத்துத் தலையைத் திருப்பிப் பார்த்தார், கண்மணி துடித்தது. காதின் உள்ளே இருக்க வேண்டிய இடத்தை விட்டு நழுவின சுண்ணாம்புத் துகள், அரைவட்டக் குழாய்க்குள் போய் உருள்கிறது. எப்ளி முறையில் தலையை நாலு கட்டமாகத் திருப்பினார். பத்து நிமிஷ வேலை, மாத்திரை ஒன்றும் இல்லை. எழுந்து உட்கார்ந்த பெரியவர் சுவரையும் ஃபேனையும் மாறி மாறிப் பார்த்தார். "தெளிஞ்சிருச்சு தாயி" என்றார்.

மயக்கத்துக்கு நேர் எதிர் தெளிவு. கலங்கின தண்ணீர் தெளிகிறது, மயக்க மருந்தில் கிடந்தவன் தெளிகிறான், சந்தேகம் தெளிகிறது. தமிழாசிரியர் சொன்னது எனக்கு அங்கேதான் முழுதாகப் புரிந்தது.

இப்போது எங்கள் சீட்டில் முதல் வரியில் நோயாளி சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறோம். 'ஒரு மாதிரி மயங்குது.' இரண்டாவது வரியில் கை எப்படி அசைந்தது. மூன்றாவது வரியில்தான் எங்கள் சொல்.

செப்டம்பர் 15

கேள்வி கேட்ட அன்பர் எழுதியிருக்கிறார். அப்பாவைச் செய்து காட்டச் சொன்னாராம். அவர் ஒன்றும் செய்யவில்லை, அம்மாவைத் திரும்பிப் பார்த்தாராம். அம்மா சொன்னாராம்: "பேசிக்கிட்டே இருப்பார், முகம் வெளுத்துப்போகும், அரை நிமிஷம் ஆள் இருக்க மாட்டார்." இதய டாக்டரிடம் 24 மணி நேர ஈசிஜி வைத்திருக்கிறார்கள். வந்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

எங்கள் அம்மாவைக் கேட்டவர்களுக்கு: நன்றாக இருக்கிறாள். எழும்போது அவசரப்படக் கூடாது, உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து எழ வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. இன்று விடியற்காலை பார்த்தேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தடவித் தடவி எண்ணினாள், பீடியை எண்ணுகிற மாதிரியே. 25 வந்ததும் நிறுத்தினாள். அவளுக்கு ஒரு கட்டு என்றால் 25. பிறகு எழுந்து, சுவரைத் தொடாமல், கொல்லைக் கதவைத் திறக்கப் போனாள்.